வட்டம் போட்ட கை

11 ஜூன், புதன். ஆம்பூர்

விசா வந்துவிட்டது. எங்கள் ஷூ கம்பெனியின் புது கட்டிங் மெஷின் பயிற்சிக்கு இஸ்தான்புல், பத்து நாள். நானும் லைன் சூப்பர்வைசர் அமிர்தவள்ளி அக்காவும். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி என்பதே இன்னும் பழகவில்லை, அதற்குள் விமானம்.

தங்கை சௌமியாவின் நர்சிங் சேர்க்கைக்கு வைத்திருந்ததில் பாதியை அம்மா டாலராக மாற்றிக் கொடுத்தாள். இருநூறு. “கைக்காவலுக்குத்தான். அப்படியே திருப்பிக் கொண்டாரணும்.”

17 ஜூன், செவ்வாய். இஸ்தான்புல்

பயிற்சி முடிய நாலு மணி. பிறகு கடைத்தெரு. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று “சிஸ்டர், இந்தியா? கம், டீ!” என்கிறார். அக்கா காது கேட்காதவள் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறாள். நான் நின்றுவிடுகிறேன். கூப்பிடுகிற முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது?

மூன்று கடை, மூன்று டீ. வேண்டாத ஒரு தலையணை உறை.

“வேணாம்னு சொல்ல வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சினு இருக்க?” என்றாள் அக்கா.

18 ஜூன்

இன்றும் இரண்டு டீ. வேறொன்றும் இல்லை.

21 ஜூன், சனி

நடந்ததே திரும்பத் திரும்பக் கண்ணில் வருகிறது. எழுதினால் நிற்குமா பார்க்கிறேன்.

இன்று பயிற்சி இல்லை. ஒரு தோல் கடை. முராத் என்று ஒருவர், என் வயசுதான் இருக்கும், கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அழைத்தார். அக்கா வெளியே வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு பழுப்பு ஜாக்கெட்டை என் தோளில் போட்டுவிட்டார். “ஆட்டுக்குட்டித் தோல் சிஸ்டர். நோ பெயிண்ட். நேச்சுரல்.” இன்னொன்று. இன்னொன்று. டீ வந்தது. வாசல் பக்கம் அவர் நின்றார்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜாக்கெட் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே, பூச்சு மாதிரி ஒன்றுக்கு அடியில் ஒரு பழைய தழும்பு. தடவினேன், மடித்தேன். அப்புறம்—

என்ன செய்தேன் நான்! பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்துத் தழும்பைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டேன்.

கட்டிங் செக்‌ஷனில் என் வேலையே அதுதான். தோலில் கோளாறு இருக்கிற இடத்தில் வட்டம் போடணும், வெட்டுகிறவர் அதை விட்டுவிட்டு வெட்டுவார். நாள் முழுக்க அதையே செய்கிற கை. யோசிக்கவே இல்லை.

முராத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உள்ளிருந்து முதலாளி வந்தார். கத்தவில்லை, அதுதான் பயம். “நீ கெடுத்தாய். நீயே வாங்கு. நானூறு டாலர்.” நீ யார் என்று கேட்டார். பயத்தில் கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன்! வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்றார். இருநூறு, ரூமில் இருக்கிறது என்று அதையும் சொன்னேன். “அதைக் கொண்டு வா. நாளை பதினொரு மணி. இல்லையென்றால் உன் கம்பெனிக்குப் போன்.”

அக்கா உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “இன்னாடி பண்ண? ரெண்டு நிமிசம் போன் பேசுனேன், அதுக்குள்ளயா?” திட்டிக்கொண்டே வந்தாள். பிறகு திட்டவும் இல்லை. அவளும் பயந்துவிட்டாள்.

அதே நாள், மாலை

சௌமியா போன் செய்தாள். அங்கே குளிரா என்று கேட்டாள். வெயில்தான், ஆனாலும் ஆமாம் என்றேன்.

ஒன்று மட்டும் மண்டையில் ஓடுகிறது. பெயிண்ட் பூசாத தோலில் சில்வர் இறங்கிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பூசிய தோலென்றால் மேலேயே நிற்கும், ஈரத்துணிக்கே வந்துவிடும். முராத் சொன்னது உண்மையென்றால் நான் கெடுத்தது நிஜம், பணம் கொடுக்கத்தான் வேண்டும். கோடு போய்விட்டால்?

அங்கேயே ஏன் துடைக்கவில்லை? வாய்தான் இல்லை, கையுமா இல்லை?

தொட்டபோது பூச்சு என்றுதான் தோன்றியது. ஆனால் அது நம்ம ஊர் தோலைத் தொட்டுப் பழகிய கை. அதை நம்பி சௌமியாவின் பணத்தை வைப்பதா?

22 ஜூன், ஞாயிறு

போனோம். இருநூறும் பையில். கைக்குட்டையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து உள்ளங்கையில் சுருட்டி வைத்திருந்தேன்.

கடையில் வேறு ஒரு கணவன் மனைவி ஜாக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பழுப்பு ஜாக்கெட்டைப் பைக்குள் மடித்தே வைத்திருந்தார். “ஒருவாட்டி பாக்கணும்” என்றேன், தமிழில். இங்கிலீஷ் வரவில்லை. கையை நீட்டினேன். அவர் தரவில்லை. நீட்டிய கையை நான் இறக்கவும் இல்லை. அந்த மனைவி திரும்பிப் பார்த்தார். உடனே முதலாளி தந்தார்.

துடைத்தேன். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்தினேன். இரண்டாவது இழுப்பில் பாதி வட்டம். மூன்றாவதில் சுத்தம்.

“பெயிண்ட்” என்றேன். ஒரே வார்த்தை. குரல் கீச்சென்று வந்தது. அந்தக் கணவன் மாட்டியிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். இருவரும் வெளியே போனார்கள்.

முதலாளி முராத்தைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். என் அட்டையைத் தூக்கிப் போட்டார். அது தரையில் விழுந்தது. எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் “ஐயோ, நம்ம அம்பிகாவா இது!” என்று அக்கா என் முதுகில் ஒரு அறை வைத்தாள். தெருமுனைகூட வரவில்லை, பின்னால் ஓடி வருகிற சத்தம். முராத். அக்கா செருப்பைக் கழற்றத் தயார்.

அவர் மூச்சு வாங்க, “எப்படித் தெரிந்தது?” என்று மட்டும் கேட்டார். நாலு மாதமாக இந்தக் கடையில் இருக்கிறாராம். முதலாளி சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறாராம். “நேச்சுரல் என்றுதான் நானும் நினைத்தேன், சிஸ்டர்.”

அவர் இடுப்புப் பெல்ட்டையே காட்டி விளக்கினேன். விரலால் அழுத்தினால் பூசாத தோலில் சுருக்கம் எப்படி விழும், பூசியதில் எப்படி விழாது. நான் இவ்வளவு பேசி அக்கா பார்த்ததே இல்லையாம். முராத் இரண்டு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுக் கடையைத் திரும்பிப் பார்த்தார். உடனே போகவில்லை.

24 ஜூன், செவ்வாய்

மாலை விமானம். டிராமுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அக்கா வேறு வழியாகப் போகலாம் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

கடை வாசலில் வேறு ஒருவர் நின்றிருந்தார். முராத்தைவிடச் சின்னப் பையன். கண்ணாடி வழியாக உள்ளேயும் பார்த்தேன். முதலாளி மட்டும்தான்.

“சிஸ்டர், இந்தியா? கம், டீ!”

“வேண்டாம்” என்றேன். சுலபமாக வந்துவிட்டது. நடந்த பிறகுதான், முராத் தானாகப் போனாரா, என்னால் வேலை போனதா என்று திரும்பிப் பார்த்தேன்.