செவ்வாய்க்கிழமைத் துணி

ட்ரோனசே தீவு, ஸ்காட்லாந்து
மார்ச் 9, 1998

என் மர்டினாவுக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். வருஷாவருஷம் நீ அனுப்பும் புத்தாண்டு அட்டையில் உன் பெயரைத் தவிர ஒரு எழுத்துக்கூட இருப்பதில்லை. அதை வைத்து நான் என்னத்தைக் கண்டேன்? என் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே செய்தி சொல்லிவிடுகிறது.

ஊர் மண்டபத்தில் பழைய போட்டோக் கண்காட்சி வைக்கிறோம். கோட்டைப் பரணிலிருந்து நாலு பெட்டி இறங்கின. படத்துக்குப் படம் விவரம் எழுதுவது என் வேலை. ஆளில்லாமல் போன வடக்குக் கிராமத்தில் எது யார் வீடு என்று இரண்டு கிழவர்கள் என் சமையலறையில் உட்கார்ந்து அடித்துக்கொள்ளாத குறை.

நேற்று அந்தப் படம் கையில் வந்தது. 1956இல் எடின்பரோவிலிருந்து வந்த போட்டோக்காரர் எடுத்தது. 'ஞாயிற்றுக்கிழமை அமைதியில் கோட்டை' என்று அச்சுப் போட்டுக் கடையில் தபால் அட்டையாக விற்றார்களே, அதுதான். கோட்டைக்குக் கீழே உங்கள் வீட்டுக் கொடியில் கட்டம் போட்ட விரிப்பும் உங்கப்பாவின் கம்பளி உள்ளாடையும் ஆடிக்கொண்டிருக்கும். எந்த வேலையும் செய்யக்கூடாத ஓய்வுநாளான ஞாயிறன்று துணி உலர்த்தினாய் என்று ஞாயிறு பள்ளி டீச்சர் வேலையைப் பிடுங்கி, ஊரை விட்டே உன்னை ஓட வைத்த படம்.

ஆனால் இது முழுப் படம். அட்டைக்காக ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். அந்த ஓரத்தில் படகுத்துறை இருக்கிறது, அங்கே தபால் படகு நிற்கிறது, மர்டினா! செவ்வாயும் சனியும் தவிர அது என்றைக்கு வந்தது? ஞாயிற்றுக்கிழமை நம் கரையில் ஒரு துடுப்புக்கூட நனைந்ததில்லையே!

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். திறப்பு விழாவுக்கு வா. உன்னை மேடையில் ஏற்றி எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

உன் எஃபி


கிளாஸ்கோ
மார்ச் 16

எஃபி,

முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்.

படகு எதுக்குடி? அன்று செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தவள் ஒருத்தி ஊரிலேயே இருந்தாளே. அந்தப் படகில் அவளுக்குப் புதுச் செருப்பு வந்தது. "சீக்கிரம் வாடி, படகு கிளம்பிடும்" என்று பறந்துகொண்டு, துணிக்கு மாட்ட எனக்குக் கிளிப் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

அவள் பெயரை எந்தப் படத்துக்குக் கீழே எழுதப் போகிறாய்?

மர்டினா


ட்ரோனசே
மார்ச் 24

மர்டினா,

மறக்கவில்லை. மறந்ததுபோல எழுதிவிட்டேன்.

சர்ச் மூப்பர் மகன் ரோரிக்கு என்னை அப்போதுதான் நிச்சயம் செய்திருந்தார்கள். "வாயைத் தொறந்தே, அந்த வீட்டுக்காரங்க நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க. அச்சுலயே போட்டிருக்கு, நீ யாருடி சொல்றதுக்கு?" என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. சர்ச் வாசலில் நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த பைபிள் சங்கீதப் புத்தகத்தைப் பார்த்தேன். ரோரி நல்ல மனுஷன். போன வருஷம் போய்ச் சேரும்வரை அவரிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

படகைக் கண்டதும் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அதுவே சாட்சி சொல்லிவிடும், நான் சொல்லவேண்டாம் என்று. வெட்கமாக இருக்கிறதடி.

படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'செவ்வாய்க்கிழமை. துணி உலர்த்தியவள் மர்டினா மக்கஸ்கில். கிளிப் எடுத்துக் கொடுத்தவள் எஃபி, தெரிந்தும் சொல்லாதவள்.'

கடைக்கார ஹெக்டர் படித்துப் பார்த்து, "இது தேவையா எஃபி? செத்தவங்க எல்லாம் செத்தாச்சு" என்றான்.

"நாங்க ரெண்டு பேரும் இன்னும் சாகலையேடா" என்றேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கே தொங்கும். வந்தால் எனக்குச் சந்தோஷம்.

எஃபி


கிளாஸ்கோ
ஏப்ரல் 2

என் அசட்டு எஃபிக்கு,

படத்துக்குக் கீழே நீ எழுதிய வரிகளைப் பால்காரனுக்குக்கூடப் படித்துக் காட்டினேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

நாற்பத்திரண்டு வருஷமாக உன்மேல் கோபம் இருந்தது. ஆசையும் இருந்தது, அதனால்தான் அட்டை அனுப்பினேன்.

மேடையெல்லாம் வேண்டாம். மே முதல் சனிக்கிழமைப் படகில் வருகிறேன். பெட்டியில் கட்டம் போட்ட விரிப்பு ஒன்று இருக்கும். மறுநாள் ஞாயிறு, மணி அடித்து ஊரே சர்ச்சுக்குப் போகிற நேரத்தில் அதை உன் வீட்டுக் கொடியில் உலர்த்தப் போகிறேன். செய்யாத தப்புக்குத் தண்டனை அனுபவித்தாயிற்று. அந்தத் தப்பையும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுகிறேன்.

நீ பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துத் தரவேண்டும். முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு.

மர்டினா


ட்ரோனசே
ஏப்ரல் 8

மர்டினா,

வீட்டிலிருந்த மரக் கிளிப் எல்லாம் உளுத்துப்போய்விட்டன. ஹெக்டர் கடையில் புதிதாக இரண்டு டஜன் வாங்கினேன்.

"தனிக்கட்டைக்கு எதுக்கு இவ்வளவு?" என்றான்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறப்ப தெரிஞ்சுக்குவே" என்றேன்.

கொடி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவிழ்த்து, வாசல் பக்கம் ரோட்டைப் பார்க்கக் கட்டிவிட்டேன்.

உன் எஃபி