ஆறு வில்லைகளும் ஒரு பொய்யும்

என் அன்பிற்குரிய உங்களுக்கு,

நான் நலம். உங்கள் கப்பல் அடுத்த துறைமுகம் சேரும்போது இது கையில் கிடைக்கும் என்றார்கள். போன ஞாயிறு போனில் "வாண்டு தூங்குறா" என்றேன். தூங்கத்தான் செய்தாள், வீட்டில் அல்ல, எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில். பதறாதீர்கள், முழுவதும் படியுங்கள்.

சனிக்கிழமை குளிர் காய்ச்சல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிறுநீரகத்தில் கிருமி என்றார் டாக்டர். "இதுக்கு முன்னாடி வீட்ல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவளுடைய சிறுநீர் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. பெரிய மேடம் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு நீ அம்மா மட்டும்தான். வெளிய உட்காரு" என்றார். உட்கார முடியவில்லை. கிருமி வளர ஒரு நாள், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இன்னொரு நாள். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பியவள், வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். போட்ட ஊசிக்குக் காய்ச்சல் அசையவே இல்லை.

திங்கட்கிழமை மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். கிருமி பரப்பிய தட்டில், மருந்து தோய்த்த ஆறு காகித வில்லைகள். வேலை செய்கிற மருந்தைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். நான்கு வில்லைகளை ஒட்டி, மாவு பூசியதுபோல் விளிம்புவரை வளர்ந்திருந்தது. ஐந்தாவதில் நூல் அளவு இடைவெளி. ஆறாவதைச் சுற்றி மட்டும் அகலமான வட்டம்.

அந்த நான்கில் ஒன்று, நம் வீட்டில் வைத்திருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பில் உள்ள மருந்து. அந்த இனத்து மருந்தைத்தான் இரண்டு நாளாக ஊசியிலும் போட்டிருந்தார்கள்.

இந்த வருடம் மூன்று தடவை காய்ச்சல் வந்தது. மூன்று தடவையும் டாக்டரிடம் போகாமல் நானே அந்த சிரப்பைக் கொடுத்தேன். காய்ச்சல் விட்ட மறுநாளே நிறுத்தினேன். அவள் குடிக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள், எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். வருகிறவர்களிடம் எல்லாம் "பாதியில நிறுத்தாதீங்க, கிருமி மருந்துக்குப் பழகிடும்" என்று வாய் வலிக்கச் சொல்பவள் நான்தான்.

மேடம் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தா வேற ஊசில ஆரம்பிச்சிருப்பேன்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

ஆறாவது மருந்தை ஏற்றினார்கள். புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது. இப்போது பிஸ்கட் கேட்டுச் சண்டை போடுகிறாள். ஊசி போடும் நர்ஸுக்குக் 'குத்தம்மா' என்று பெயர் வைத்திருக்கிறாள். இன்னும் ஏழு நாள் ஊசி இருக்கிறது. ஒரு வேளைகூடத் தவறாது. சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறதா என்று சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்களாம். அதை நினைத்தால் கையில் எடுத்த வேலை ஓடமாட்டேன் என்கிறது.

நீங்கள் அழைக்கும்போது முதலில் அவளிடம் பேசுங்கள். பிறகு போனை என்னிடம் தரச் சொல்லுங்கள். என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். ஒன்றும் கேட்காமல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா