தாழைவேலியில் ஒரு சந்து

எம்.ரெட்டியபட்டி,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் துர்காதேவிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நாலு ஆடுகளும் நல்ல சுகம். அங்கே நீயும் உன் ஆஸ்பத்திரியும், வீட்டுக்குப் பின்னால் வந்து வந்து எட்டிப்பார்க்கிற உன் கடலும் சுகமாக இருக்க நம் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நம் தெரு தங்கச்செல்வியின் வீட்டுக்காரர் கட்டட வேலைக்காகப் போர்ட் பிளேயருக்கு வருகிறார். அங்கிருந்து உன் தீவுக்கு வருகிற போட்டில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதம் பொட்டலத்துக்குள் மேலாகத்தான் இருக்கும், முதலில் இதை வாசித்து முடி, அப்புறம் மற்றதை எடு.

இந்த வருசம் மழை நம்மை ஏமாற்றவில்லை. மூன்று நாள் விடாமல் பெய்து கண்மாயில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது. அப்பா குத்தகைக்கு எடுத்த காட்டில் ஒரு பக்கம் பருத்தியும் ஒரு பக்கம் குதிரைவாலியும் போட்டிருக்கிறார், முளைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் கேட்டால் "ஏதோ இருக்கு" என்பதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார், நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது மழையின் காதில் விழுந்து மழை நின்றுபோகுமாம். பக்கத்து வீட்டு மாயக்காள் தினம் ஒரு தடவை வந்து, "ஏன்க்கா, அங்கன கடலு எந்நேரமும் சத்தம் போட்டுக்கிட்டேவா இருக்கும், மனுசரத் தூங்க விடுமா" என்று கேட்கிறாள். பந்தல்குடி ரோட்டில் லோடு லாரி வரிசையாகப் போகிற மாதிரி இருக்கும், ரெண்டு நாளில் பழகிவிடும் என்று சொன்னேன். அப்படியும் நம்பாமல் மறுநாள் வந்து அதையே கேட்கிறாள்.

உன்னோடு இருந்த பதினாறு நாளையும் நான் நினைக்காத நாள் இல்லை. திருச்செந்தூரில் நான் பார்த்த கடலில் தண்ணீரைவிட மனுசத் தலைதான் அதிகம். உங்கள் ஊரில் நீ டூட்டிக்குப் போன பிறகு நான் ஒருத்தியாக மணலில் நடந்து போய்த் திரும்பினால் என் காலடித் தடத்தைத் தவிர வேறு தடம் இருக்காது. வெயில் ஏறினதும் கடல் பின்வாங்கி வெகுதூரத்துக்குத் தரை தெரியும், பாறையிலும் குழியிலும் நண்டுகள் சங்கைச் சுமந்துகொண்டு ஊர்ந்து போகும். நம் ஊரில் கரும்பு வெட்டப் போகிறவர்கள் சட்டி பானையோடு லாரி ஏறுகிற மாதிரி இருந்தது எனக்கு. ஊருக்குள் போனால் எங்கே பார்த்தாலும் பாக்கு மரம், வீட்டுக்கு ஒரு குளம், கூரை மேல் பூசணி. அவ்வளவு தண்ணீரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, இதில் பாதி நம் பக்கம் வந்திருக்கக் கூடாதா என்று. பாஷை தெரியாமல் எல்லோரிடமும் தலையை ஆட்டியே குடும்பம் நடத்தினேன், எதிரே வந்த சனமெல்லாம் எனக்குத் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனது. உன்னிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. ஒரு நாள் நீ இல்லாத நேரத்தில் சேலையோடு கழுத்தளவு தண்ணீரில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திட்டாதே, முடிந்துபோன விசயம்.

திட்ட வேண்டியது வேறு இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் வந்த ஐந்தாம் நாள் காலையில் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், உன் வீட்டுக்கார அம்மா ஷெபாலி காய்கறி போட்டிருக்கிற பாத்திகளுக்கும் கடலுக்கும் நடுவில், முள்ளும் புதருமாக ஒன்று மண்டிக் கிடந்தது. நமக்கு முள்ளுப்புதர் என்றால் வேலிக்கருவை, வெட்டிப்போட்டால் ஊருக்கு நல்லது, அடுப்புக்கும் ஆகும். நானும் அப்பாவும் எத்தனை வருசம் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தோம். தாழம்பூவைத் தலையில் வைத்திருக்கிறேனே தவிரத் தாழஞ்செடியை நான் எங்கே கண்டேன். பாம்பு அடையும், மறைப்பு போனால் பிள்ளை அடுப்படியில் நின்றபடியே கடலைப் பார்ப்பாள் என்று நினைத்து, ஷெபாலி அம்மா கொட்டகையில் தொங்கின அருவாளை எடுத்து, ரெண்டு ஆள் கைகோத்துப் போகிற அகலத்துக்கு வெட்டித் தள்ளிவிட்டேன். வெட்டினதை அழகாக அடுக்கியும் வைத்தேன். சாயங்காலம் நீ வந்து பார்த்ததும் உன் முகம் வெளுத்துப்போனது, என்னடி என்றேன். "ஒண்ணுமில்லம்மா, நான் பேசிக்கிறேன்" என்று சொன்னாய்.

அப்புறம் ஷெபாலி அம்மா வந்தார்கள். வெட்டின இடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், நீ இந்தியில் என்னவோ சொன்னாய், அவர்களும் என்னவோ கேட்டார்கள். நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். போதாததற்கு உள்ளே போய் ஒரு தட்டில் காராச்சேவு வேறு கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு கிளையாக நட்டு வளர்த்த வேலி அது, கடல் தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறாமல் காப்பது அதுதான் என்று பௌர்ணமி அன்றைக்குத்தான் நீ எனக்குச் சொன்னாய். சொல்வதற்கு முன்னாலேயே கடல் எனக்குக் காட்டிவிட்டது, நான் வெட்டின சந்து வழியாகவே உள்ளே வந்து அவரையும் பாகலும் இருந்த நாலு பாத்தியையும் நனைத்துவிட்டுப் போனது.

உப்பு ஏறின மண்ணை என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நம் காட்டில் பாதி உவர்தானே. மூன்று நாள் குளத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து பாத்தியில் தேக்கித் தேக்கி வடிய விட்டேன். வெட்டிப் போட்ட தாழங்கிளைகளில் வேர் விட்டிருந்தவற்றை எடுத்து அதே இடத்தில் நட்டேன், ஒன்பது கிளை. தோட்டத்து வேலைக்கு வருகிற சோமா எங்கே, ஆளையே காணோமே என்று கேட்டேன், உடம்பு சரியில்லையாம் என்றாய். மூன்றாம் நாள் ஷெபாலி அம்மா என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கப் பேசினார்கள். "நீங்க தங்கமான மனுசின்னு சொல்றாங்கம்மா" என்று நீ சொன்னாய். நீ உண்மையைச் சொல்லிவிட்டாய், அவர்களும் மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்து நான் மனசு நிறைந்துபோனேன்.

கிளம்புகிற அன்று படகுத்துறையில் நீ டிக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பலசரக்குக் கடை பாண்டிராஜ் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பரமக்குடிக்காரர், நாலு வார்த்தை தமிழ் பேச ஆள் கிடைத்தால் விட மாட்டார். "அந்தச் சோமா கெதியப் பாத்தீகளாக்கா, தாழைய வெட்டிப்புட்டான்னு ஷெபாலியம்மா இனிமே வேலைக்கே வராதேன்னுட்டாக. இருவது வருசமா அவுக தோட்டத்துலயே கெடந்த ஆளு, நான் வெட்டலைன்னு சொல்லுறாரு, யாரு கேக்கா" என்றார். நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ கடலைப் பார்த்தாய். அதற்குள் போட்டில் சங்கு ஊதிவிட்டார்கள்.

துர்கா, உன்னை எனக்குத் தெரியும். சோமா வெட்டினார் என்று நீ வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டாய். காலையில் சோமா அந்தப் பக்கம் வேலி கட்டிக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பாய், மீதியை அவர்களே சேர்த்துக்கொள்ளட்டும் என்று. எனக்காகத்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வேறு வாடகை வீடு கிடையாது, தனியாக இருக்கிற பிள்ளை, பயந்திருப்பாய். வந்ததிலிருந்து ரெண்டு தடவை போனில் இதை எடுத்தேன், ரெண்டு தடவையும் சிக்னல் சரியில்லைம்மா என்று வைத்துவிட்டாய். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டபோது மட்டும் சிக்னல் பக்கத்துத் தெருவில் இருக்கிற மாதிரிக் கேட்டதே. கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை பார், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். எழுந்து போய் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டு வந்து, "பிள்ளையத் திட்டாத, பயந்திருக்கும். ஆனா அந்தாளு வீட்டுல இன்னிக்கு என்ன நெனைச்சுக்கிட்டு இருப்பாரு" என்றார். அவருக்குத் தெரியும். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு தோட்டத்து மோட்டார் வயரை அவர்தான் எடுத்தார் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிறகு வயர் அவர்கள் வீட்டுப் பரணிலேயே கிடைத்தது, ஆனால் கிடைத்தது என்று ஒருத்தரும் வந்து சொல்லவில்லை. ரெண்டு மாசம் அவர் டீக்கடைப் பக்கமே போகாமல் இருந்தார். வேலை போனது அவருக்குப் பெரிசில்லை, போகிற இடத்திலெல்லாம் பேச்சு நின்றுபோனதுதான் அவரைத் தின்றது. அதை உன் அப்பாவுக்குச் செய்தவர்களை நான் இன்று வரைக்கும் மன்னிக்கவில்லை. அதே காரியத்தை நம் வீட்டிலிருந்து இன்னொருத்தருக்குச் செய்துவிட்டோம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஷெபாலி அம்மாவிடம் போ, சோமாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் செய்துவிடு, நான் அடுத்த விமானத்தில் வந்து உன்னோடு பாண்டிராஜ் கடைப் பரணில் வேண்டுமானாலும் படுத்துக்கொள்கிறேன். பொட்டலத்தில் ஷெபாலி அம்மாவுக்கு அருப்புக்கோட்டை நூல் சேலை ஒன்றும், சோமாவுக்கு வேட்டி துண்டும் வைத்திருக்கிறேன். சொன்ன பிறகு கொடு. கொடுத்துவிட்டுச் சொன்னால் அது லஞ்சம். குதிரைவாலி அரிசியும் காராச்சேவும் உனக்கு. ஒன்பது கிளையில் ஐந்து குருத்து விட்டிருக்கிறது என்று நீ போனில் சொன்னது எனக்குப் பெரிய சந்தோசம், மீதி நாலுக்கும் ஒரு வாரம் பார்த்துவிட்டு வேறு கிளை நடு. தலைக்கு எண்ணெய் வை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை, பயப்படாதே. நீ நூறு வருசம் நன்றாக இருக்க வேண்டும், போகிற தெருவில் எல்லாம் தலை நிமிர்ந்து போக வேண்டும், அதுதான் நானும் அப்பாவும் உனக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம்.

கீழே இருப்பது உனக்கு இல்லை. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இந்தியில் அவர்களிடம் சொல்.

ஷெபாலி அம்மா, உங்கள் வேலியை சோமா வெட்டவில்லை. நான்தான் வெட்டினேன். தெரியாமல் வெட்டினேன், நீங்கள் நொந்துபோய் நின்றபோது விவரம் புரியாமல் உங்கள் எதிரில் சிரித்துக்கொண்டு நின்றேன். என் மகள் அவளுடைய அம்மாவைக் காப்பாற்றப் பார்த்தாள், அவளிடம் கோபப்படாதீர்கள், என்னிடம் கோபப்படுங்கள். சோமாவைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவர் வெட்டவில்லை என்று ஊரில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாழையை வெட்டிய ராமலட்சுமி,
துர்காதேவியின் அம்மா.