மின்பொறியியலில் தீவுக்கு ஒரே இடம்

சேசு மரி சூசை

மின்னி பே, போர்ட் பிளேர்
9-8-1970

என் பிரியமுள்ள மங்கைக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். நீ போய்ச் சேர்ந்ததும் போட்ட கடிதம் நேற்றுக் கப்பலில் வந்தது. ஒரு கட்டிடம் முழுக்க மின்பொறியியல் துறை, வகுப்பில் பெண்கள் இரண்டே பேர், குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் என்று நீ எழுதியதை வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

தீவுப் பிள்ளைகளுக்கு அந்தத் துறையில் ஒதுக்கியது ஒரே இடம். பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. நாலு நாள் கப்பலில் பொம்பளைப் பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக நின்றதால் அது உன்னிடம் வந்தது. நீ பிடுங்கிக்கொள்ளவில்லை, தெரியும். ஆனாலும் மீனுக்கு உப்புப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இந்நேரம் என் நாற்காலியில் மங்கை உட்கார்ந்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

உன் அம்மாவுக்கு நான்தான் கடிதம் எழுதித் தருகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் லம்பா லைனில் உங்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். ‘என் மக இஞ்சினியர் ஆகப்போறா’ என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்கிறார்கள். அதை என் கையால் எழுதுகிற கொடுமையை நினைத்துப் பார். கோபித்துக்கொள்ளாதே. பாடத்தில் என்ன நடக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுது.

உன்
ஞானசெல்வி

*

உ

மாணவியர் விடுதி, சென்னை
20-9-1970

அன்புச் செல்விக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ வயிறெரிய இங்கே ஒன்றுமில்லையடி. அந்தமான் என்றதும் பையன்கள் என்னைக் ‘கைதி’ என்று கூப்பிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வாய் தவறி ‘அச்சா சார்’ என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் போகிற இடமெல்லாம் அச்சா, அச்சா என்று பின்னாலேயே வந்தார்கள்.

கம்ப்யூட்டரை நீ நினைக்கிற மாதிரி தொடவெல்லாம் முடியாது. கணக்கை அட்டைகளில் துளையாகக் குத்தி, கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்தால், மறுநாள் விடை தாளில் வரும். என் கட்டு படியில் கைநழுவிக் கொட்டிவிட்டது. அட்டை வரிசை மாறினால் மெஷின் ஏற்காது. பாலசுப்பிரமணியம் சார் எல்லார் முன்னாலும், இது மீன்கூடை இல்லையம்மா என்றார். குளியலறையில் போய் அழுதேன்.

சர்க்யூட் கணக்கு எனக்கு ஏறவே இல்லை. உனக்கு ஏறும். இரண்டு கணக்கு இதோடு வைத்திருக்கிறேன், போட்டு அனுப்பு. உன் தலை எனக்கு இருந்தால் நான் ஏன் அழப்போகிறேன்? பொறாமைப்பட வேண்டியவள் நான்தான்.

பேசாமல் ஊருக்கு வந்துவிடலாமா என்று இருக்கிறது. பட்டியலில் நம் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. டிசம்பருக்குள் நான் விலகினால் இடம் உனக்கே வரும். ஆனால் உன் அப்பா விடமாட்டாரே. என் அம்மாவிடம் இதொன்றும் சொல்லிவிடாதே. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் அன்பு
மங்கை

*

சேசு மரி சூசை

மின்னி பே
8-11-1970

பிரியமுள்ள மங்கைக்கு,

இரண்டு கணக்கையும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது கணக்கு அருமையாக இருந்தது. எழுந்திருக்க மனசில்லாமல் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்பா இப்போது மனசு மாறியிருக்கிறார். சண்முகத்தின் மகள் போய் நல்லபடியாகத்தானே இருக்கிறாள் என்று பங்குச் சாமியார் எடுத்துச் சொன்னாராம். இடம் மட்டும் இருந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்கிறார். இப்போது சொல்லி என்ன பயன்?

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தீபாவளியிலிருந்து நெஞ்சுவலி என்று படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். கடிதம் சொல்லக்கூடத் தெம்பில்லை, அதனால்தான் உனக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மங்கை, மங்கை என்கிறார்கள். உன் அப்பா பாராடாங் தீவில் ரோடு வேலையில் இருக்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீயும் அவருக்கு எழுதிவிடாதே. தந்தியும் அடிக்காதே, பயந்துவிடுவார்கள்.

படிப்பு எங்கே போகிறது? பெற்றவள் ஒருத்திதானே. நீ இஞ்சினியர் ஆவதைவிட உன் முகத்தைப் பார்ப்பதுதான் அவர்களுக்கு மருந்து. நீயே யோசித்து முடிவெடு. இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

உன்
ஞானசெல்வி

*

மாணவியர் விடுதி, சென்னை
6-12-1970

ஞானசெல்விக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. துறைத் தலைவரிடம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அதில் நானாகவே சில வரிகள் சேர்த்திருந்தேன். என் இடத்தை அந்தோணிமுத்துவின் மகள் ஞானசெல்விக்கே கொடுக்க வேண்டும், அவள் என்னைவிட நன்றாகப் படிப்பவள், அவளுடைய அப்பா இப்போது சம்மதித்துவிட்டார் என்று. நீ போட்ட இரண்டு கணக்கையும் கூடவே வைத்தேன். அவர் அவற்றைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, யார் இந்தப் பெண் என்று கேட்டார். என் சிநேகிதி என்றேன்.

வியாழக்கிழமை கப்பல் வந்தது. திரும்புகிற அதே கப்பலில் நான் ஏறுவதாக இருந்தது. கப்பல் வந்தால் துறைமுகத்துக்குப் போய்த் தெரிந்த முகம் இறங்குகிறதா, வீட்டுச் செய்தி உண்டா என்று நிற்பது இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பழக்கம். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று யாரையாவது கேட்கத்தான் நானும் போய் நின்றேன்.

ஏணியில் அம்மாவே இறங்கி வந்தாள். தலையில் கருவாட்டு மூட்டை, கையில் குடை, வாயெல்லாம் பல். வந்ததும் வராததுமாக, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று என்னைத் திட்டினாள். நெஞ்சுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை.

“தீவாளிக்கு அப்புறம் செல்வி நம்ம வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல. எழுதித் தர ஆளில்ல. ஒன் சேதி தெரியாம இருக்க முடியல. ஜஹாஸ்ல எடம் இருக்குன்னாங்க, ஏறி வந்துட்டேன்” என்றாள்.

நீ லம்பா லைன் பக்கம் போகவே இல்லை. போயிருந்தால் அவள் கப்பல் ஏறப்போவது உனக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அவள் ஏறியிருக்கவே மாட்டாள். என் அம்மா வாயால் என் பெருமையைக் கேட்பது அவ்வளவு கசந்ததா உனக்கு? ஒரு இடத்துக்காக அவளைப் படுக்கையில் போட்டாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

வெள்ளிக்கிழமை துறைத் தலைவரிடம் கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குச் சுகமாகிவிட்டதா என்றார். ஆகிவிட்டது என்றேன். அம்மாவிடம் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உனக்கென்று கடைத்தெருவில் தேடித் தேடி வளையல் வாங்கியிருக்கிறாள். வந்து தருவாள், மறுக்காமல் போட்டுக்கொள்.

எனக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. இனியும் பிடிக்காது. என் இடம் வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கைதட்டி உன்னைக் கப்பல் ஏற்றிவிட்டு நான் வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பேன். இனி தரமாட்டேன். பரீட்சையில் தோற்றால் மறுபடி எழுதுவேன். ஐந்து வருடமும் அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

ச. மங்கையர்க்கரசி