மியூசியத்துக்குள் நின்ற பஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். குழந்தைக்குச் சளி விட்டதா? குளிர் என்று சொல்லி ஜன்னலையெல்லாம் அடைத்தே வைக்காதே, மூச்சு முட்டும். அப்பாவின் முட்டி வலி முன்பைவிடப் பரவாயில்லை. புது ஃபிளாட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது, லிஃப்ட்தான் நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் சொல்லவேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் ஃபிளாட்டுக்காரர்கள் எல்லோரும் வேன் வைத்து ஊர் மியூசியத்துக்குப் போனோம். இந்த ஊர் முன்னால் எப்படி இருந்தது என்று காட்டுகிறதற்காகப் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். பழைய டவுன் பஸ் ஒன்றை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களாம் என்று அப்பா பேப்பரில் படித்துவிட்டு, நானும் வரட்டுமா என்று கேட்டார். முட்டி வலியோடு எதற்கு, இன்னொரு நாள் நாம் இரண்டு பேருமாகப் போகலாம் என்று நான்தான் தட்டிக்கழித்தேன். முட்டிக்காக இல்லையடி. இங்கே குடிவந்த புதிதில் எதிர்வீட்டு டாக்டரம்மா, உங்கள் வீட்டுக்காரர் என்னவாக இருந்தார் என்று கேட்டபோது, டிரான்ஸ்போர்ட்டில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனார் என்று சொல்லிவைத்திருந்தேன். கண்டக்டர் என்ற வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. அப்பாவோ விடியுமுன் நடந்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறவர், இவர்கள் யாரும் அவரைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை, அது எனக்கு வசதியாகப் போயிற்று.

மியூசியம் நன்றாகத்தான் இருந்தது. பழைய தராசு, தபால்பெட்டி, சினிமா கொட்டகையின் மர நாற்காலி என்று நாம் தூக்கிப்போட்ட சாமான்களுக்கெல்லாம் கண்ணாடிப் பெட்டி செய்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். கடைசிக் கூடத்தில் பஸ். ஏறிப் பார்க்கலாம் என்று விட்டிருந்ததால் நல்ல கூட்டம், உள்ளே ஒரே சிரிப்பு. "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி அவ்ளோ இடம் இருக்கு, படியில நிக்காதீங்க" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். உன் அப்பாதான். எனக்குத் தெரியாமல் தனியாகக் கிளம்பி வந்திருக்கிறார். பின்படி ஓரம் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு, தோளில் பை இல்லாமலே பையை அணைத்த மாதிரி கையை மடக்கிக்கொண்டு, கைக்குழந்தைக்காரிக்கு இடம் விடச் சொல்லி, ஏறுகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைக்கிறார். வேண்டுமென்று செய்திருக்கமாட்டார், அந்தப் படியைப் பார்த்ததும் வாய் தானாக ஆரம்பித்திருக்கும். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், உன் கல்யாணத்தன்று பார்த்ததுதான்.

டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, "யாருங்க இந்தப் பெரியவரு, மியூசியத்து ஆளா? ஜோரா பேசறாரே" என்றார். நான் "இருக்கும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. யாரோ ஒரு பிரயாணியிடம் சொல்வதுபோல என்னிடம், "நீங்களும் ஏறுங்கம்மா, பார்த்து, படி உயரம்" என்றார். நானும் ஏறி உட்கார்ந்தேன். நாலு பேர் முன்னால் நான் அவரைக் கைவிட்டேன், அதே நாலு பேர் முன்னால் அவர் என் மானத்தைக் காப்பாற்றினார். எனக்கு உடம்பெல்லாம் குறுகிப்போயிற்று.

வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னாலேயே வந்து சட்டையை மாற்றிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். "வந்துட்டியா, மியூசியம் எப்படி இருந்துச்சு?" என்கிறார். "பஸ் வெச்சிருந்தாங்களா?" என்று வேறு கேட்டார். குத்திக்காட்டுகிறாரோ என்று உற்றுக் கேட்டேன், குத்தலே இல்லை. இருந்தது, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தி அழுது தீர்த்திருப்பேன், எங்களுக்கு அது புதிதா என்ன.

மறுநாள் டாக்டரம்மா வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன். என்றைக்காவது லிஃப்டில் இவரைப் பார்த்துவிட்டால் குட்டு உடையுமே என்ற பயம்தான் முதலில் தள்ளியது, உன்னிடம் மறைப்பானேன். அவர், "அட, உங்க வீட்டுக்காரரா! அப்பவே சொல்லியிருந்தா சேர்ந்து ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே" என்று சிரித்தார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. விஷயமே இல்லாத ஒன்றுக்காகவா அப்படிச் செய்தேன் என்று இன்னும் கூசுகிறது. வெளியாளிடம் சொல்லிவிட்டேன், அப்பாவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பேன், அவர் உடனே லிஃப்ட் பேச்சை எடுத்துவிடுவார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் மியூசியத்தைப் பற்றிக் கேட்காதே. கேட்டால், நான் எங்கேம்மா போனேன், உங்கம்மாதான் போய்ட்டு வந்தா என்று உன்னிடமும் சொல்லுவார். எனக்காகச் சொல்லுவார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க என்னால் முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா