மாடியறை கணக்கில் வராது

பிப்ரவரி 8

அன்புள்ள பாய்லர் தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் என் மருமகள்கள் இருவரும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன வாரம் நாம் போட்ட சத்தத்தில் அம்மா சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாளாம். "சூரியனையும் புகையையும் ரெண்டு பேரும் காகிதத்துல வெச்சுக்குங்க, போன்ல என்கிட்ட மட்டும் பேசுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டாள். ஆகவே இந்தக் கடிதம்.

விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். பூமி முன்பும் சூடாகியிருக்கிறது, அப்போது எந்த அனல்மின் நிலையம் இருந்தது என்று கேட்டாய். அன்று பூமி சுற்றும் பாதை மெல்ல மாறியது, அது பல்லாயிரம் வருஷத்து வேலை. இன்றைய சூடு என் ஒருத்தியின் சர்வீஸுக்குள்ளேயே தெரிகிறது. இருபத்தாறு வருஷமாக இந்த வானிலை நிலையத்தில் என் கையால் எழுதிய பதிவேடு அதற்குச் சாட்சி. சூரியன்தான் காரணம் என்றால் வானத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். மேலே குளிர்கிறது, கீழேதான் சூடு. புகையால் போர்வை போட்டது நாம்தான்.

பதில் எழுது. மழுப்பாதே.

உன் அக்கா


பிப்ரவரி 19

வெப்பமானி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ அதை எழுதும்போது தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி என் நிலக்கரியில் சுற்றியது என்பதை முதலில் பதிவேட்டில் ஏற்று.

மேலடுக்கு கதையெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். போன வருஷம் உன் நிலையத்துக்கு வந்தேனே, தெர்மாமீட்டர் வைத்த உன் வெள்ளைப் பெட்டிக்கு இருபதடி தள்ளி நாலு மாடிக் கட்டடம், இந்தப் பக்கம் சிமென்ட் போட்ட கார் நிறுத்தம். உன் தெர்மாமீட்டர் பாவம் அந்தச் சுவரின் சூட்டை எழுதிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாய். நீ புகை என்று எழுதும்போதெல்லாம் என் பெயரை எழுதுவது போலத்தான் இருக்கிறது அக்கா. அந்த வேலையில்தான் என் இரண்டு பெண்களும் படிக்கிறார்கள்.

வீட்டுச் செய்தி. பெரியவளுக்குப் பரீட்சை வருகிறது, தனியறை வேண்டும் என்று அடம். அம்மா தன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு மாடியறைக்குப் போய்விட்டாள். தகரக் கூரைதான். வேண்டாம் என்றால் கேட்கவில்லை, "எனக்கு மேலதான் காத்து வரும்" என்கிறாள். முட்டிவலியோடு நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறாள்.

உன் தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

கட்டடத்தைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டாய். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நீ சொன்னதில் பாதி உண்மை. கட்டடம் வந்த பிறகு அளவு கொஞ்சம் கூடித்தான் காட்டுகிறது, நானே மேலதிகாரிக்கு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் கட்டடமே இல்லாத நடுக்கடலிலும் சூடு ஏறுகிறதே, அதற்கு எந்தச் சுவரைச் சொல்வாய்?

சரி, என் பெட்டியை நீ நம்ப வேண்டாம். பார்சலில் ஒரு தெர்மாமீட்டர் வருகிறது, நன்றாகச் சரிபார்த்தது. உன் தோட்டத்தில் நீயே வை. ஆனால் முறைப்படி வை. வெயில் படக்கூடாது, காற்று புகும்படி நாற்புறமும் சட்டம் அடித்த வெள்ளைப் பெட்டி, புல்தரைக்கு மேல் நாலடி உயரம், சுவரும் கூரையும் பக்கத்தில் இருக்கவே கூடாது. மத்தியானம் இரண்டரைக்குத் தினமும் எழுதி வை. பத்து வருஷம் எழுதினால் நீயே என் பக்கம் வந்துவிடுவாய்.

அம்மாவை ஏன் மேலே விட்டாய்? இங்கே அனுப்பு என்றால் என் குவார்ட்டர்ஸ் தீப்பெட்டி மாதிரி இருக்கிறதாம், வரமாட்டாளாம்.

உன் அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

பெட்டி தயார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. எங்கள் மின் நிலையப் பட்டறையில் மிச்சமிருந்த பலகையை இழைத்து, வெள்ளையடித்து, நாலடிக்கு அளந்து நட்டிருக்கிறேன். வீட்டுச் சுவரிலிருந்து முப்பதடி. நீ வந்து குறை கண்டுபிடித்தால் மீசையை எடுத்துவிடுகிறேன். நான் ஷிஃப்டில் இருக்கும் நாளில் என் மனைவி பார்த்து எழுதுகிறாள். நேற்று 36.8. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? என் பாய்லர் பக்கம் வந்து நின்று பார்.

பெட்டி அடிக்கும்போது அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தெர்மாமீட்டரை என் ரூம்ல மாட்டுடா, எவ்வளவுன்னு பாப்போம்" என்றாள். அங்கே மாட்டினால் சட்டப்படி செல்லாதும்மா, அக்கா ஒத்துக்கமாட்டா என்றேன். "அப்ப சட்டம் போட்டவளை இங்க வந்து படுக்கச் சொல்லு" என்றாள். வீடே சிரித்தது.

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

அம்மா சொன்னதைப் படித்து அலுவலகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். டைப்பிஸ்ட் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் நீ சொன்னதுதான் சரி, மாடியறை கணக்கில் வராது. அங்கே மாட்டினால் அது தகரத்தின் சூட்டைத்தான் சொல்லும், ஊரின் சூட்டைச் சொல்லாது. அந்த அளவை வைத்துக்கொண்டு உன்னோடு வாதாடினால் நீயே என்னைச் சும்மா விடமாட்டாய். பெட்டியை இடம் மாற்றாதே.

எரிமலைப் புகைக்கு மனிதன் விடும் புகை ஈடாகாது என்று போனில் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். எல்லா எரிமலையும் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடும் கரியமில வாயு நாம் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அம்மாவைத் தூது அனுப்பாதே, அவளுக்குப் பாதி மறந்துவிடுகிறது. அன்று பேசும்போதும் குரல் சோர்வாக இருந்தது. என்னம்மா என்றேன், வெயில்தான் என்றாள்.

உன் அக்கா


மே 24

அக்காவுக்கு,

நீ ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. அம்மாவின் காரியம் நடந்த மூன்று நாளும் நாம் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் வயசாகிவிட்டது என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

அன்று நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. எனக்கு இரட்டை ஷிஃப்ட். ஊரெல்லாம் ஏசி ஓடுகிறது, மின்சாரம் போதவில்லை, யாருக்கும் லீவு கிடையாது என்றார்கள். இரண்டரைக்கு என் மனைவி குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் 38.4 என்று எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டாள். அம்மா தூங்குகிறாள் என்று மாடிக்குப் போகவில்லை. நாலரை மணிக்கு டீ கொண்டுபோன சின்னவள்தான் பார்த்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம், கூப்பிட்டதற்குப் பேச்சில்லையாம். ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தார்கள். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று தெர்மாமீட்டரைக் கழற்றி அந்த அறையில் மாட்டினேன். இரண்டரைக்குப் பார்த்தேன். 46.5. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் அவள்மேல் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டாளே அக்கா. வாயைத் திறந்து கேட்டாள். நான்தான் மாட்டமாட்டேன் என்றேன்.

புகையைப் பற்றி நீ சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டு என்ன செய்ய? நாளை காலை ஆறு மணிக்கு நான் பாய்லருக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் இன்னொரு வீட்டு மாடியறையில் மின்விசிறி நின்றுவிடும். போனால் என்ன ஆகும் என்று நீ எழுதியிருக்கிறாய்.

கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடிதம் போடாதே. கோபமில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்தப் படியும் அம்மாவும் ஞாபகம் வருகிறது.

தம்பி


ஜூலை 11

என் தம்பிக்கு,

போடாதே என்றாய். இதோடு மூன்று போட்டுவிட்டேன். உன் மனைவி நேற்று போனில் பேசினாள். "உங்க லெட்டரைப் படிக்கிறாரு அக்கா, பேனாவை எடுக்கிறாரு, அப்புறம் வெச்சிடுறாரு" என்றாள். மாடியறையைப் பூட்டிவிட்டாயாம். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். அம்மாவைத் தூது அனுப்பாதே என்று எழுதினேன், இப்போது தூதுக்கு உன் மனைவிதான் மிச்சம்.

வேலைக்குப் போகிறேன். இரண்டரைக்குப் பெட்டியைத் திறக்கிறேன், பார்க்கிறேன், எழுதுகிறேன். எழுதினால் சூடு குறையப்போவதில்லை. உன்னால் பாய்லரை அணைக்க முடியாதது போல என்னாலும் இதை நிறுத்த முடியவில்லை. இருபத்தாறு வருஷம் காற்றின் சூட்டை அளந்தவள், பெற்றவள் படுத்திருக்கும் இடத்தின் சூட்டை ஒரு நாளும் கேட்கவில்லை.

நீ மாட்டாததற்குக் காரணம் நீ இல்லை. சுவர் கூடாது, கூரை கூடாது என்று எழுதியவள் நான். மாடியறை கணக்கில் வராது என்று சிரித்து எழுதியவளும் நான். அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கும், எடுத்துப் பார். நான் சொன்னேன், நீ செய்தாய், அவ்வளவுதான். பழியை என் பேரில் எழுதிக்கொண்டு நீ இரண்டு வாய் சாப்பிடு.

இல்லை, நான்தான் என்று நீ சண்டைக்கு வருவாய். வா. எப்படியாவது வா. காரணம் யார் என்று இத்தனை வருஷம் உன்னோடு மல்லுக்கு நின்றதில் ஒரு தடவைகூட நீ விட்டுக்கொடுத்ததில்லை. இந்த ஒன்றையாவது எனக்கு விட்டுக்கொடு தம்பி.

உன் அக்கா