வேலைச் சட்டை

நம் மகளின் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் வேலைச் சட்டையை இனி நான் துவைக்க மாட்டேன். அந்த மிளகு நெடியோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியது போதும்.

"கண்ணீர்ப் புகைன்னு சொல்லாத, அது புகையே இல்ல, பொடி" என்று எத்தனை முறை என்னைத் திருத்தியிருப்பீர்கள். ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து, கண்ணிலும் தொண்டையிலும் ஒட்டுமாம். காற்றோட்டம் இருந்தால் கால் மணியில் தெளிந்துவிடுமாம். நம் மகளின் கல்லூரி நூலகத்துக்கு மூன்றே ஜன்னல்கள். தடியடிக்குப் பயந்து உள்ளே ஓடிய பிள்ளைகள் மூன்றையும் சாத்தியிருந்தார்கள். போலீஸ்காரர்கள் கதவைத் திறந்து நான்கு குண்டு போட்டார்கள்.

நேற்று அவள் மூச்சுக்குத் திணறுகிறாள், நீங்கள் டாக்டரிடம், "திறந்த வெளிக்கு மட்டும்னு குண்டு மேலேயே அச்சடிச்சிருக்கோம் சார்" என்கிறீர்கள். அந்தக் குண்டு செய்யும் ஆலையிலிருந்து சட்டைகூட மாற்றாமல் வந்து அவளைக் கட்டிப்பிடித்தீர்கள். அடங்கியிருந்த இருமல் மறுபடி பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கட்டில்காரியும் இருமினாள். ஒரு தலைமை வேதியியலாளர் செய்கிற காரியமா இது?

இன்று காலைதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"குண்டு விழுந்ததும் எல்லாரும் ஓடினாங்கம்மா. நான் ஓடல. கண்ண மூடிட்டிருந்தேனா, அந்த நெடி வந்ததும் அப்பா வந்துட்டாருன்னு நெனச்சேன்."

இதையும் குண்டின் மேல் அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா